தூரமாயிருந்த நீங்கள்

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 33 வயது. மாரண்டஅள்ளி பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்ட் முறை. எங்கள் அத்தை 15 வருடத்துக்கு முன்னால் ஆண்டவரை ஏற்றுக்கொண்டவர். விக்கிரகம், தாயத்து எல்லாவற்றையும் விட்டார், தீட்டை மட்டும் விடவில்லை. மாதா மாதம் அந்த நாட்களில் நான் திண்ணையில்தான் படுக்கிறேன். தட்டு, டம்ளர் தனி. துணியை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சாக்குக்கு அடியில் காயப்போட வேண்டும். சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. "வீட்டுக்குத் தூரமாக இருந்தால் எடுக்கக் கூடாது. உன் சரீரம் ஆலயம். அபாத்திரமாய் எடுத்தால் ஆக்கினைத்தீர்ப்பு" என்று சபையில் ஒரு மூத்த அம்மா சொல்லிவிட்டார். போன மாதம் அப்பத் தட்டு வந்தபோது கையை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து அக்கா ஒன்றும் கேட்காமல் என்னைத் தாண்டி அடுத்தவருக்கு நீட்டினார். வரிசை முழுக்கத் தெரிந்துபோனது. இதற்குப் பயந்தே கிறிஸ்துமஸுக்கும் கன்வென்ஷனுக்கும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கித் தள்ளிப்போடுகிறேன். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு எட்டு ஒன்பது நாள் போகிறது, கட்டி கட்டியாக. பெரிய மகளுக்கு 11 வயது. அத்தை மேல் உள்ளுக்குள் ஒரே கசப்பு. சரீரத்திலும் சுத்தமில்லை, உள்ளத்திலும் சுத்தமில்லை என்றால் நான் எந்த முகத்தோடு ஜெபிப்பது?

பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எட்டு ஒன்பது நாள், கட்டி கட்டியாக. கடிதத்தின் கடைசியில் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை. தீட்டைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் இது.

சாதாரணமாக ஒரு மாதவிடாயில் போகும் ரத்தம் 30, 40 மில்லி இருக்கும். ஒரு சின்ன டீ கிளாஸில் பாதி. 80 மில்லியைத் தாண்டினாலோ, ஏழு நாளுக்கு மேல் நீண்டாலோ, கட்டிகள் பெரிதாக விழுந்தாலோ அதை அதிக ரத்தப்போக்கு என்கிறோம். காரணம் பல இருக்கலாம். கர்ப்பப்பையில் நார்க்கட்டி, உள்சவ்வில் சதை வளர்ச்சி, தைராய்டு. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என்கிறீர்களே, ஆஸ்பத்திரியில் காப்பர் டி போட்டார்களா? அதிலும் ரத்தப்போக்கு கூடும். எதுவாக இருந்தாலும் பார்த்தால்தான் தெரியும். பாலக்கோடு அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யலாம். ஸ்கேன், மகளிர் சிறப்பு மருத்துவர் எல்லாம் வேண்டுமென்றால் தர்மபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கிறதா என்று நீங்களே கொஞ்சம் கவனியுங்கள். நம் பக்கம் களி சாப்பிடுகிறோம், அதனால் ரத்தம் குறையாது என்று ஒரு நம்பிக்கை. ராகியில் கால்சியம் நன்றாக இருக்கிறது. ஆனால் மாதம் ஒன்பது நாள் போகிற ரத்தத்தை அது மட்டும் ஈடுகட்டாது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் எலுமிச்சைத் தண்ணீரோடு போடுங்கள், டீயோடு வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், தீட்டு என்ற பேச்சினால் நான் நேரில் பார்க்கும் முதல் கெடுதி இதுதான். அதைப் பற்றி வாய் திறப்பதே அசிங்கம் என்று வளர்ந்த பெண், அது அளவு மீறிப் போனாலும் வாய் திறப்பதில்லை. ஹீமோகுளோபின் 5க்கு இறங்கி, இரண்டு பேர் கைத்தாங்கலாக வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். "எத்தனை மாசமாம்மா இப்படி?" என்று கேட்டால் கூட வந்த புருஷன் முகத்தைப் பார்ப்பார்கள்.

அடுத்து அந்த மாத்திரை. கடையில் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன். புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்கிற ஹார்மோன். போடுகிற வரை கர்ப்பப்பையின் உள்சவ்வைக் கழன்று விழாமல் பிடித்து வைக்கும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். எப்போதாவது ஒரு முறை, டாக்டரைக் கேட்டுப் போடுவதில் பெரிய ஆபத்து இல்லை. காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கண்ணில் மின்னல் வெட்டுவது போல வந்து ஒற்றைத் தலைவலி பிடிக்கிறவர்கள் தானாக வாங்கிப் போடவே கூடாது. உங்களைப் போல, காரணம் தெரியாமல் அதிகமாக ரத்தம் போகிறவர்களும் கூடாது. உள்ளே இருக்கிற நோயை அது மூடி மறைத்துவிடும். ஆகவே பரிசோதனை முடியும் வரை நிறுத்துங்கள்.

இதில் என் பங்கும் இருக்கிறது. டிசம்பர் மாதம் என் கிளினிக்கில் ஒரு காட்சி. ஒரு நாற்காலியில், வீட்டில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பெண். அடுத்த நாற்காலியில், கிறிஸ்துமஸ் ஆராதனை என்று ஒரு பெண். இருவருக்கும் ஒரே மாத்திரை. வருடக்கணக்கில் நானும் கேள்வி கேட்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான், இரண்டாவது பெண்ணுக்கு இதை நான் ஏன் எழுதுகிறேன், அவள் எந்த ஆண்டவருக்குப் பயப்படுகிறாள் என்று தோன்றியது. அன்றிலிருந்து கிறிஸ்தவப் பெண் வந்து கேட்டால், மாத்திரைக்கு முன்னால் ஐந்து நிமிடம் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்களோடும் அதைத்தான் பேசப்போகிறேன். நான் போதகர் இல்லை, வேதாகமக் கல்லூரியில் படித்தவளும் இல்லை. தினமும் வேதம் வாசிக்கிற ஒரு டாக்டர், அவ்வளவுதான்.

தீட்டு வேதத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. லேவியராகமம் 15ஆம் அதிகாரம். மாதவிடாய் வந்த பெண் ஏழு நாள் விலகியிருக்க வேண்டும், அவளைத் தொட்டவன் சாயங்காலம் வரைக்கும் தீட்டு. உங்களுக்கு அறிவுரை சொன்ன அம்மா இதைப் படித்திருப்பார். அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே, 16ஆம் வசனத்திலிருந்து படித்தாரா தெரியவில்லை. ஆணுக்கு இந்திரியம் கழிந்தால் அவனும் முழுகி, சாயங்காலம் வரை தீட்டாய் இருக்க வேண்டும். புருஷனும் மனைவியும் சேர்ந்தால் இருவருமே அப்படித்தான். இந்தப் பாதியை வைத்துக்கொண்டு எந்த வீட்டிலாவது ஆம்பிளைக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறார்களா? எந்தச் சபையிலாவது "நேற்று ராத்திரி எப்படி?" என்று கேட்டுவிட்டுத் தட்டை நீட்டுகிறார்களா? ஒரு நியாயப்பிரமாணத்தை எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும். பெண்ணுக்கான வரிகளை மட்டும் கிழித்து எடுத்துத் திண்ணையில் ஒட்டினால், அது மோசேயின் கட்டளையாக இருக்காது, நம் ஊர் வழக்கமாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். மாதாமாதம் வருகிற இந்த ரத்தத்துக்கு லேவியராகமம் பாவநிவாரண பலி கேட்கவில்லை. நாள் தள்ளி நீடித்துப் போகிற உதிரப்போக்கு நின்ற பிறகுதான் எட்டாம் நாள் இரண்டு புறாக்களைக் கொண்டுவரச் சொல்கிறது. சாதாரண மாதவிடாயை அந்தப் பழைய சட்டமே பாவக் கணக்கில் எழுதவில்லை. நீங்கள் ஏன் எழுதிக்கொள்கிறீர்கள்?

அப்படி நீடித்த ரத்தப்போக்கோடு ஒரு பெண் சுவிசேஷத்தில் வருகிறாள். மாற்கு 5. உங்களுக்கு ஒன்பது நாள், அவளுக்கு 12 வருடம். அநேக வைத்தியர்களிடம் போய், சொத்தையெல்லாம் செலவழித்து, குணமாவதற்குப் பதில் இன்னும் மோசமானாள் என்று மாற்கு எழுதுகிறார். லூக்காவும் இதே சம்பவத்தை எழுதுகிறார். ஒருவராலும் குணமாக்க முடியவில்லை என்பது வரைக்கும் சொல்கிறார், வைத்தியர்களால் இன்னும் மோசமானாள் என்பதை மட்டும் விட்டுவிட்டார். லூக்கா ஒரு வைத்தியர். எங்கள் தொழில் பாசம் அப்போதே அப்படித்தான் போலிருக்கிறது.

சட்டப்படி பார்த்தால் அவள் கூட்டத்துக்குள்ளேயே வந்திருக்கக் கூடாது. பின்னால் வந்து வஸ்திரத்தைத் தொட்டாள். இயேசு திரும்பி, "என்னைத் தொட்டது யார்?" என்று கேட்டபோது அவள் நடுங்கினாளே, அந்த நடுக்கம் உங்களுக்குத் தெரியும். தட்டு வந்தபோது மடியில் இருந்த உங்கள் கை அதே நடுக்கம்தான். அவர் அவளை "மகளே" என்று கூப்பிட்டார். தொட்டுவிட்டாய் என்று கண்டிக்கவில்லை. போய்க் குளித்துவிட்டு வருகிறேன் என்று அவரும் விலகவில்லை. சாயங்காலம் வரை காத்திருக்கவும் இல்லை. அப்படியே, ஜெபஆலயத் தலைவன் யவீருவின் வீட்டுக்கு நடந்தார். அங்கே செத்துக் கிடந்த பெண்பிள்ளைக்கு வயது 12. உங்கள் மகளைவிட ஒரு வயது மூத்தவள். பிணத்தைத் தொடுவதும் தீட்டுத்தான், அவர் அவள் கையைப் பிடித்தார். எழுந்து நடந்தவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று வீட்டாரிடம் சொன்னார். தனித் தட்டில் என்று சொல்லவில்லை.

இப்போது உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு வசனங்கள். "உங்கள் சரீரம் ஆலயம்" என்பது 1 கொரிந்தியர் 6இல் வருகிறது. பவுல் அதை மாதவிடாய்ப் பெண்களுக்கு எழுதவில்லை. வேசியிடம் போய்விட்டு, சரீரம்தானே, ஆவிக்கு என்ன வந்தது என்று பேசியவர்களுக்கு எழுதினார். உடம்பு தானாகச் செய்வது ஒன்று, உடம்பைக் கொண்டு நாம் செய்வது ஒன்று. வியர்ப்பது, ரத்தம் போவது, பால் சுரப்பது எல்லாம் படைத்தவர் வைத்த வேலை. அடுத்தவரை ஏமாற்ற, அடுத்தவரை அனுபவிக்க, அடுத்தவரை அடிக்க நாம் உடம்பை எடுத்துக்கொண்டு போகிறோமே, அங்கேதான் பரிசுத்தம் என்ற கேள்வி வருகிறது. புதிய ஏற்பாடு முழுக்க நான் பார்த்த வரையில் சரீர சுத்தம் இந்த இரண்டாவதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

"அபாத்திரமாய்", அதாவது தகாத விதமாய், என்பது அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரம். கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திக்கொண்டு தின்றார்கள், ஏழைகள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டித்துத்தான் பவுல் எழுதினார். பந்தியில் ஒருவரைத் தாண்டிப் போனதுதான் அங்கே நடந்த தப்பு. போன மாதம் உங்கள் வரிசையில் யார் யாரைத் தாண்டிப் போனார்கள் என்று யோசியுங்கள். அந்த அக்காமேல் குறை சொல்லவில்லை, அவர் உங்கள் சங்கடத்தைக் குறைக்கத்தான் பார்த்தார். இன்னொன்று, "தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து" என்றுதான் வசனம் இருக்கிறது. சோதித்துவிட்டுப் புசிக்கச் சொல்கிறார். விலகிப் போகச் சொல்லவில்லை.

இது உங்கள் கிராமத்தில் மட்டும் உள்ள குழப்பம் இல்லை. 3ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் பிஷப் தியொனீசியு, இந்த நாட்களில் பெண்கள் பந்திக்கு வரக் கூடாது என்று எழுதினார். அதே நூற்றாண்டில் சீரியா பக்கத்துச் சபை ஒழுங்கு ஒன்று, அந்த ஏழு நாளும் பரிசுத்த ஆவி உங்களை விட்டுப் போய்விடுகிறாரா என்று பெண்களைப் பார்த்து எதிர்க்கேள்வி கேட்டது. பிறகு, இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட மிஷனரி ரோமாபுரிக்கு எழுதி இதையே கேட்டபோது, போப் கிரகோரி சொன்னதாக வரலாற்றில் பதிவாகியிருக்கும் பதில் எனக்குப் பிடிக்கும். அவளைத் தடுக்கக் கூடாது. உதிரப்போக்குள்ள பெண் ஆண்டவரைத் தொட்டாளே, இவளை எப்படித் தடுப்பது? அவளாகவே பயபக்தியில் ஒதுங்கிக்கொண்டால் அதையும் குறை சொல்லாதே. கீழைத் திருச்சபைகள் சிலவற்றில் ஒதுங்கும் வழக்கம் இன்றைக்கும் உண்டு. ஆகவே அடுத்த முதல் ஞாயிறு உங்கள் மனசாட்சி தெளிந்தால் கையை நீட்டுங்கள். தெளியவில்லை என்றால் இன்னும் ஒரு மாதம் போகட்டும், உங்களை நீங்களே அடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பாஸ்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். கூச்சமாக இருந்தால் பாஸ்டரம்மா மூலம் கேளுங்கள். உங்களுக்குச் சொன்னது ஒரு மூத்த அம்மாதான். பாஸ்டர் இதைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டார் என்பது என் ஊகம். ஆண்கள் பலருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

உள்ளத்துக்கு வருகிறேன். இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

மனுஷனைத் தீட்டுப்படுத்துவது எது என்று மாற்கு 7இல் ஆண்டவரே ஒரு பட்டியல் கொடுக்கிறார். களவு, கபடு, வன்கண், பெருமை என்று 13 வருகிறது. ரத்தம் அதில் இல்லை. எல்லாம் உள்ளிருந்து புறப்படுகிறவை. எபிரெயர் 12:15 இன்னும் நேராகச் சொல்கிறது: கசப்பான வேர் முளைத்தெழும்பி, அதனால் "அநேகர் தீட்டுப்படாதபடிக்கு" பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது. நம் வேதாகமத்தில் அதே சொல், தீட்டு. அத்தை தப்பான இடத்தில் தீட்டைத் தேடுகிறார். உங்களிடம் அது இருக்கிற இடம் உங்களுக்கே தெரிந்திருக்கிறது, கடைசி வரியில் எழுதியும் விட்டீர்கள்.

கோபம் வேறு, கசப்பு வேறு. மார்கழிப் பனியில் திண்ணையில் படுக்க வைத்தால் கோபம் வரத்தான் செய்யும். அது பாவம் இல்லை. சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன் எரிச்சல் தணியட்டும் என்று பவுல் ஒரு கெடு வைக்கிறார். லேவியராகமத்திலும் பாதி தீட்டுகளுக்குச் சாயங்காலம்தான் கெடு. உங்கள் கசப்புக்கு எத்தனை சாயங்காலம் ஆயிற்று? பேசாமல் விழுங்கி விழுங்கித்தான் இது வேர் விட்டிருக்கிறது. அத்தையின் முகத்தைப் பார்த்து, "அத்தை, எனக்கு இது வலிக்குது" என்று ஒரு முறையாவது சொன்னீர்களா? கடிதத்தில் இல்லை. உங்கள் வீட்டுக்காரரும் கடிதத்தில் ஒரே வரியில் ஷிப்டுக்குப் போய்விடுகிறார். அம்மாவிடம் இதைப் பேச வேண்டியவர் அவர்தான். மருமகள் சொன்னால் எதிர்த்துப் பேசினாள் என்று ஆகும், மகன் சொன்னால் காதில் விழும்.

அத்தையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மலையோரக் கிராமங்கள் சிலவற்றில் இந்த நாட்களுக்கென்று ஊருக்கு வெளியே தனிக் குடிசையே இருந்தது. தொட்டால் செடி பட்டுப்போகும், மாடு பால் வற்றும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த தலைமுறை அது. என் பாட்டி கடைசி வரை முருங்கை மரத்துப் பக்கம் என்னைப் போக விடவில்லை. அதில் வெறுப்பு கிடையாது, பயம்தான். உங்கள் அத்தை தாயத்தைக் கழற்றியபோதே எவ்வளவு பயந்திருப்பார்! இது இன்னும் ஆழத்தில் இருக்கிற முடிச்சு. ஒரு சாயங்காலம் தக்காளி கூடை கட்டும்போதோ புளி கொட்டை எடுக்கும்போதோ, "அத்தை, நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ எங்க படுத்தீங்க?" என்று கேளுங்கள். வாதம் செய்ய வேண்டாம், கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

திண்ணை நாட்களில் ஒரு லாபம் உண்டென்று பல பெண்கள் என்னிடம் ரகசியமாகச் சொல்வார்கள்: அடுப்படி வேலை இல்லை. ஓய்வு வேண்டுமென்றால் தாராளமாக எடுங்கள், ஒன்பது நாள் ரத்தம் போகிறவளுக்கு ஓய்வு தேவைதான். தட்டைப் பிரிக்காமல், கட்டிலில் படுத்து எடுங்கள்.

துணி விஷயம் மட்டும் இந்த வாரமே மாறட்டும். சாக்குக்கு அடியில், ஈரத்தில் காய்ந்த துணியில் கிருமி வளரும், அரிப்பும் வெள்ளைப்படுதலும் வரும். சோப்பு போட்டு அலசி, வெயிலில் நேராகக் காயப்போடுங்கள். வெட்கமாக இருந்தால் மேலே ஒரு மெல்லிய துண்டைப் போடுங்கள், சாக்கு வேண்டாம். துணியோ நாப்கினோ, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்றுங்கள். சரீரத்தைச் சுத்தமாக வைக்க நான் சொல்லக்கூடிய ஆலோசனை இவ்வளவுதான்.

மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வந்த பிறகு சொல்வதைவிட அது நல்லது. வளரிளம் பெண்களுக்கு அரசு நாப்கின் இலவசமாகக் கொடுக்கிறது, பள்ளியிலோ கிராம செவிலியரிடமோ கேட்டால் கிடைக்கும். அவளுக்கு வரும் முதல் நாள் எந்தத் தட்டில் சோறு போடுவது என்பதை நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் இப்போதே பேசி வையுங்கள். அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அன்றைக்கு அத்தைதான் முடிவு செய்வார்.

எந்த முகத்தோடு ஜெபிப்பது என்று கேட்டீர்கள். நம் ஊரில் மாதவிடாயை "தூரம்" என்கிறோம். எபேசியர் 2:13ஐத் தமிழில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல் உறுத்தும்: "முன்னே தூரமாயிருந்த நீங்கள் இப்பொழுது கிறிஸ்து இயேசுவுக்குள் கிறிஸ்துவின் இரத்தத்தினாலே சமீபமானீர்கள்." பவுல் புறஜாதியாருக்கு எழுதியது அது, மொழிபெயர்த்தவர்களும் நம் தூரத்தை நினைத்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் திண்ணையில் படுத்துக்கொண்டு ஒரு தரம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது போன மூன்று மாதத்துத் தேதிகளைக் காலண்டரில் குறித்துக் கொண்டுபோங்கள். அத்தையையும் கூடவே கூட்டிப்போங்கள். அவருக்கும் ஹீமோகுளோபின் பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும்.